கதவைப் பார்க்கிற கதிரை

சிட்னிப் புறநகர் வென்ற்வேர்த்வில் சாம்ராச்சியத்தின் பட்டத்து இளவரசியும், என் ஒரே மகளும், வருகிற தை மாதம் மணப்பெண்ணாகப் போகிறவளுமாகிய பிள்ளைக்கு: மூன்று அறை வீட்டுக்கும் காய்க்காத ஒரு முருங்கைக்கும் ஏகபோக அதிபதியாகிய உன் தகப்பன் குசினி மேசையில் இருந்து எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் அது புளுகு. முழங்கால்கள் இரண்டும் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டன. இதயத்துக்குள் வைத்த சிறு குழாய் மட்டும் சிட்னி நகரத்துச் சுரங்க ரயில்களைவிட ஒழுங்காக ஓடுகிறது. மற்றபடி களைப்பு. நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாத களைப்பு அது. வைத்தியரிடம் சொன்னேன், உப்பைக் குறைக்கச் சொன்னார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஆண்டுதோறும் நான் எழுதுகிற சிரிப்புக் கட்டுரைக்குப் பதிலாக இந்த முறை இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன். நீ ஒரு கேள்வி கேட்டாய். அதற்குப் பதிலை எழுதித் தருகிறேன், மற்றவர்களும் வாசித்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். "நீங்கள் ஆன்சர் பண்ணினாலே பெரிய விசயம் அப்பா" என்றாய். உன்னைப்போல இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாமாரும் என்னைப்போல வாய் நிறையப் பகிடியும் வயிறு நிறையச் சொல்லாத கதையும் வைத்திருப்பவர்கள். மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் சின்னப் பிள்ளைகள் என்னைப் 'புளுகர் அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒற்றைக் குடையால் யானையை விரட்டியவன், கடலில் சுறாவோடு பேரம் பேசியவன் என்றெல்லாம் நானே பரப்பிய புகழ் அது. அந்தப் புகழின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் நான் புளுகமாட்டேன். அது எந்த இடம் என்று உனக்குத் தானாகவே தெரியும்.

கேள்வி பிறந்தது ஹோம்புஷில், இரண்டு குடும்பங்களும் முதல் தடவை சந்தித்த அந்தத் தோசைக்கடையில். டானியலின் தகப்பன் பீற்றரை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். இளைப்பாறிய பல் வைத்தியர், பனைமரத்துக்கு மீசை வைத்ததுபோல ஆள். உன் வருங்கால மாமனார், எனவே எனக்குச் சம்பந்தி. கை குலுக்கினோம். மேசைக்குப் போனோம். சுவரோரம் ஒரு கதிரை இருந்தது. அதில் இருந்தால் முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு முன்னால் வாசல் கதவு. நான் அதன் முதுகில் கை வைத்தேன். அதே நேரம் அவரும் கை வைத்தார். எனக்காக இழுத்துவிடுகிறார், எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்து 'தாங்க் யூ' சொல்லி இருக்கப்போனேன். கதிரை அசையவில்லை. பாரதக் கதையில் ஐந்து ஊரும் தரமாட்டேன் என்றவன்கூட அப்படிப் பிடிவாதம் பிடித்திருக்கமாட்டான். இரண்டு கிழவர்களும் பல்லைக் காட்டிச் சிரித்தபடி ஆளுக்கொரு பக்கம் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இஞ்சாருங்கோ, மாப்பிள்ளை வீட்டுக்காரரோடை கதிரைக்கு இழுபறிப்படுறியள், வெக்கமா இல்லையோ" என்று அம்மா என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "டாட்" என்று டானியல் ஒரே ஒரு சொல்தான் சொன்னான், காது சிவந்துபோயிற்று. கடைசியில் நீதான் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் செருகினாய். சம்பந்திமார் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ரயிலில் ரிக்கற் பார்க்கிற உத்தியோகத்தர்களைப்போல, வாசலைப் பார்த்தபடி இருந்து தோசை சாப்பிட்டோம். பரிமாறிய தமிழ்நாட்டு மாணவன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இன்னும் யாராவது வரணுமா?" என்று கேட்டான். என்ன கேட்கிறான் என்று பீற்றர் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் கதவில் இருந்து கண்ணை எடுக்காமல், ஆங்கிலத்தில், "ஒருவரும் வரக்கூடாது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்றார். எனக்குச் சட்னி புரையேறிவிட்டது. இந்த ஊருக்கு வந்த காலந்தொட்டு என்னோடு அப்படி ஒருவரும் கதைத்ததில்லை.

திரும்பி வரும்போது நீ கார் ஓட்டினாய். "அப்பா, நீங்கள் ஏன் எப்பவும் கதவைப் பாக்கிற கதிரையிலைதான் இருக்கிறியள்?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாய். நான் என் வழக்கப்படி, "ராசாக்கள் சனங்களுக்கு முதுகு காட்டுறேல்லை மகள்" என்றேன். நீ சிரிக்கவில்லை. "பகிடி விடாதேங்கோ அப்பா. நானும் அங்கைதான் இருக்கிறனான். ஒஃபிஸிலை மீற்றிங் எண்டாலும் அப்பிடித்தான். புது இடத்துக்குப் போனால் முதலிலை பின்கதவு எங்கை எண்டு பாக்கிறனான். டானியல் கேட்டவன், ஏன் எண்டு. ஐ டோன்ற் நோ வை. எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே. கலியாணத்துக்கு முதல் எனக்குச் சொல்லுங்கோ. என்ன எண்டு தெரியாத ஒண்டை அந்த வீட்டுக்கும் கொண்டுபோக எனக்கு ஏலாது." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். உலகத்திலேயே முதல் தடவையாக உன் தகப்பன் பகிடியை விட்டுவிட்டு, பரமற்றா வரும்வரைக்கும் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தான். அதைச் சரித்திரத்தில் எழுதிவைக்கலாம்.

அந்தக் கிழமையே பீற்றர் என்னைத் தன் வீட்டுக்குக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். பொண்டாய்ப் பக்கத்தில் மாடிவீடு. முன்னறையின் ஒரு சுவர் முழுவதும் புத்தகம். எல்லாம் ஹங்கேரிய யூதர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதியவை, ஆங்கில மொழிபெயர்ப்பில். "உங்கள் ஆட்களும் ஹங்கேரிதானே, ஏன் மொழிபெயர்ப்பு, உங்களுக்கு அந்த மொழி தெரியாதா?" என்று கேட்டேன். அவருடைய தகப்பன் புடாபெஸ்ற்றில் இரண்டாம் உலக யுத்தத்துக்கும் நாசிகளின் யூத வேட்டைக்கும் தப்பி, ஐம்பத்தாறாம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு எல்லை கடந்து இங்கே வந்து சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் துணி வெட்டியவராம். பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்கவில்லை. நாங்கள் ஹங்கேரிக்காரர், அவ்வளவுதான் என்று சொல்லி வளர்த்தாராம். யூதர் என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு நாள், குளிர்காலத்தில், குசினித் தொட்டிக்குள் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சின்ன மெழுகுவர்த்தி எரியுமாம். ஏன் என்று கேட்டால், "கரண்ட் போனால் எரியுமா என்று சரிபார்க்கிறேன்" என்பாராம். பல்கலைக்கழகம் போகும் வயதுவரை பீற்றர் அதை நம்பியிருக்கிறார். ஒரு நாள் ரொட்டி வாங்கப்போன கடையில், கடைக்காரர்தான், "உன் அப்பா கோயிலுக்கு வராவிட்டாலும் செத்தவர்களுக்கு ஏற்றுகிற மெழுகுவர்த்தியை மட்டும் ஒரு வருடமும் தவறாமல் வாங்குவார், நல்ல யூதர்" என்றாராம். வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார். தகப்பன் சொன்ன பதில்: "சூப் ஆறுகிறது, சாப்பிடு."

"அவர் ஒன்றும் எழுதாமலே செத்துப்போனார்" என்றார் பீற்றர். "அதுதான் மற்றவர்கள் எழுதியதை வாங்குகிறேன். ஏதாவது ஒரு புத்தகத்தில், ஏதாவது ஒரு தெருவில், அவர் போகிறாரா என்று பார்க்கிறேன். எந்த மேசையிலும் அவரும் கதவைப் பார்த்துத்தான் இருப்பார். கதவுக்கு முன்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. காரணம் எனக்கு வந்து சேரவில்லை. கதிரை மட்டும் வந்தது."

போகும்போது ஒரு பை நிறையப் புத்தகம் தந்துவிட்டார். வைத்தியரின் வரவேற்பறையிலும் ரயிலிலும் அம்மா கீரை ஆய்கிற மேசையிலுமாக அத்தனையையும் வாசித்தேன். இன்றைய தேதியில் ஹங்கேரிய யூதர்களின் தன்வரலாற்று இலக்கியத்தில், பரமற்றாவுக்கு மேற்கே என்னை மிஞ்சிய பண்டிதர் கிடையாது. வேண்டுமானால் அம்மாவிடம் கேள். "இந்த மனுசன் இப்ப இடியப்பம் தின்னேக்கையும் டானூப் நதியைப் பற்றித்தான் கதைக்குது" என்பாள்.

அந்த மனிதர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலேயே பெயரை ஹங்கேரியப் பெயராக மாற்றிக்கொண்டவர்கள். சக்கரவர்த்தியின் படையில் நின்று பதக்கம் வாங்கியவர்கள். நாட்டின் கவிதையை நாட்டுக்காரரைவிடத் திருத்தமாகச் சொன்னவர்கள். ஒரு நாள் அயலவன் வந்து, நீ எங்கள் ஆள் இல்லை என்கிறான். வாசித்தபோது எனக்குக் கொழும்பு அலுவலகத்தில் என்னோடு ஒரே பார்சலில் சோறு தின்ற சிங்களவர்களின் முகம் வந்தது. இன்னொன்று, பயங்கரம் நடந்த நாளைப் பற்றி அவர்கள் எழுதுவது கொஞ்சம்தான். பிறகு நடந்ததுதான் நிறைய. தப்பித் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான் ஒருவன், உள்ளே வேறு யாரோ அவனுடைய கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், யார் வேண்டும் என்று கேட்கிறார்கள். கடவுளும் வேண்டாம் வேதமும் வேண்டாம் என்றிருந்தவன், மற்றவன் அடித்ததால் மட்டும் நான் யூதனா, அப்படியானால் நான் யார் என்று முந்நூறு பக்கம் தன்னையே கேட்கிறான். இதற்கெல்லாம் நடுவில் பகிடி. சாவு வரிசையில் நின்றவர்களின் பகிடியை வாசித்துச் சிரித்தேன், பிறகு எழும்பிப் போய் முகம் கழுவினேன். என் இனத்து ஆட்கள் என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது. அவர்களுடைய அழிவையும் எங்களுடையதையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். பீற்றரும் அதைத்தான் சொன்னார்: "அளக்கவேண்டாம். அளக்கத் தொடங்கினால் இரண்டு பேரும் தோற்றுப்போவோம்."

ஆனால் என்னை விழுத்தியது பிள்ளைகள் எழுதிய புத்தகங்கள். தப்பியவர்களின் பிள்ளைகள், ஒன்றும் பார்க்காதவர்கள். அவர்களுடைய புத்தகங்கள்தான் தடித்தவை. பக்கத்துக்குப் பக்கம் 'ஒருவேளை', 'எனக்குத் தெரியாது', 'அம்மா சொல்லவில்லை.' பெற்றவர்கள் விழுங்கிய ஒரு வசனத்துக்காகப் பிள்ளைகள் ஊர் ஊராய், தெருத் தெருவாய் அலைகிறார்கள். அறுபது தாண்டிய பீற்றர் அந்தச் சுவர் முன்னால் நின்று தகப்பனைத் தேடுகிறார். நாளைக்கு நீயும் என்னைத் தேடிக்கொண்டு அந்தச் சுவர் முன்னால்தான் நிற்பாய். ஹங்கேரிக்காரருடைய புத்தகங்களில் என்னைத் தேடினால் அகப்படமாட்டேன் பிள்ளை. நான் அங்கே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பழைய வெள்ளைக் காரை உனக்கு நினைவிருக்கும். அதற்குக் குகன் என்று பெயர். ஆடி மாதத்தில் ஒரு நாள் உன்னை மேய்ஸ் ஹில்லுக்குக் கூட்டிப்போவேன். தேங்காய் பழத் தட்டை நீதான் பிடிப்பாய். நம் மூன்று பேருடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி முடித்து, கடைசியில், "குகன், ரோகிணி நட்சத்திரம்" என்பேன். ஐயர் அதையும் சொல்லி அர்ச்சனை செய்வார். "ஆரப்பா குகன்?" என்று நீ கேட்டபோது உனக்கு ஐந்து வயது இருக்கும். வாசலில் கார் நின்றது. "அது எங்கடை காரின்ரை பேர்" என்றேன். நீ நம்பினாய். அதன் பிறகு ஏறும்போதெல்லாம் கதவைத் தடவி, "குகன் நல்ல பிள்ளை, கவனமா ஓடு" என்பாய். அந்தக் காரை விற்ற அன்று நீ அதன் சில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "குகனை விட்டிட்டுப் போக வேண்டாம்" என்று அழுதாய். அயலட்டம் எல்லாம் வந்து பார்த்தது. உன்னைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பாவுக்குக் காரில் இவ்வளவு பாசமா என்று நீ பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன்.

குகன் என் தம்பி.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். நான் கொழும்பில் கிளாக்கர். அவன் வேலை தேடி வந்து என் அறையில் தங்கி நின்றான். தமிழரைத் தேடி அடிக்கிற கலவரம் வேறு பகுதியில் என்றுதான் சொன்னார்கள். வழக்கமாகச் சாப்பிடுகிற கடைக்குப் போனோம். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்தேன். அவன் எனக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி இருந்தான். நான் சாப்பிடுகிற விதத்தைப் பழித்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். வாசலில் வந்து நின்றவர்களை நான் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, திரும்பாதை. குசினியாலை போ." நீ என்ன செய்யப்போகிறாய் என்றேன். "எனக்குச் சிங்களம் வரும்தானே. கதைச்சுப்போட்டு வாறன்." அவன் எழும்பி வாசலுக்குப் போனான். நான் குசினிக்குப் போனேன். அங்கே சமைத்துக்கொண்டிருந்த சிங்களவர் என்னை விறகு அறைக்குள் தள்ளிச் சாக்கால் மூடிவிட்டு, வாசலில் நின்று, உள்ளே ஒருவரும் இல்லை என்று சொன்னார். குகனுடைய குரல் கேட்டது. நல்ல சிங்களம். பிறகு கேட்கவில்லை.

உடம்பு கிடைக்கவில்லை. கண்ணால் காணாதபடியால் வீட்டில் ஒருவரும் அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யச் சம்மதிக்கவில்லை. அதனால்தான் உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்கிற அர்ச்சனையை அவனுக்கு இன்றைக்கும் செய்கிறேன். பிழை என்று தெரியும். வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவனைச் செத்தவர் பட்டியலில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

அவ்வளவுதான். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பயத்தால்தான் அப்பா கதவைப் பார்க்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். பயமும்தான். ஆனால் எந்த மேசையிலும் கதவைப் பார்த்தபடி இருப்பவர்தான் முதலில் கண்டு எழும்பிப் போகவேண்டியவர். அந்தக் கதிரை அம்மாவுக்கோ உனக்கோ ஒருநாளும் வரக்கூடாது என்று நான் முந்திப்போய் இருந்தேன். அப்படி ஒன்று வந்தால் எழும்பிப் போவேனா என்று கேட்காதே. எனக்குத் தெரிந்த ஒரே வழி குசினிவழி. இருந்தாலும் அந்தக் கதிரையில் இருந்தேன். எவ்வளவு கவனமாக அந்தக் கதிரையைப் பிடித்துவைத்திருந்தேன், நீ எப்போது அதை என்னிடமிருந்து வாங்கினாய் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. சொல்லாவிட்டால் உனக்கு வராது என்று நம்பினேன். பீற்றருடைய தகப்பனும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

நேற்றுப் பீற்றருக்கும் இதைத் தொலைபேசியில் சொன்னேன். காரின் கதையையும் சொன்னேன். "உங்கள் மகளுக்குப் பெயராவது தெரியும்" என்றார். "கதவைத் தடவி அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். என் அப்பா யாருக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது."

அறிவுரை சொல்ல எனக்குத் தெம்பில்லை. திருமணக் கடிதத்தில் அது இல்லாவிட்டால் மரியாதையில்லை என்பதால் கொஞ்சம். நாளைக்கு உங்கள் பிள்ளை, குகன் ஆர் என்று கேட்டால் ஆள் என்று சொல்லு, கார் என்று சொல்லாதே. அதற்காக இதை மட்டும் ஊட்டி வளர்க்கவும் வேண்டாம். அடி விழுந்த இடம் மட்டும் உடம்பு இல்லை. குகன் நன்றாகக் கரம்போட் ஆடுவான், கள்ள ஆட்டம் ஆடுவான், மாம்பழத்தைத் தோலோடு தின்பான், அதையும் சொல்லு. டானியல் கேட்டால் நீயே சொல்லு, என்னிடம் அனுப்பாதே. நான் உடனே யானைக் கதைக்குத் தாவிவிடுவேன். கலியாணத்துக்கு முந்திய சனிக்கிழமை மேய்ஸ் ஹில்லுக்குப் போவோம். தட்டை நீ பிடி. பெயரையும் நட்சத்திரத்தையும் இந்த முறை நீயே ஐயரிடம் சொல்லு.

கடைசியாக, மண்டபத்தில் கதிரை போடுகிற விசயம். பீற்றரும் நானும் கலந்து பேசி முடிவெடுத்திருக்கிறோம், நாடுகளுக்கிடையில் போடுகிற ஒப்பந்தங்கள் இதற்குக் கிட்டவும் வரமாட்டா. எங்கள் இருவருடைய கதிரைகளையும் மேடையைப் பார்த்துப் போடு. வாசல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். டானியல் தங்கள் யூதச் சடங்கின்படி கண்ணாடிக் குவளையை மிதித்து உடைக்கும்போது, அந்தச் சத்தத்துக்கு இரண்டு கிழவர்களும் ஒருமிக்கத் துள்ளுவோம். சனம் சிரித்தால் சிரிக்கட்டும். திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று எழுதினால் அது என் வாழ்நாளிலேயே பெரிய புளுகாக இருக்கும். பார்ப்போம். அவர் ஒருக்கால், நான் ஒருக்கால், மாறி மாறிப் பார்ப்போம். நீ பார்க்கவேண்டாம்.